கைதட்டி பாயும் நடு ஸ்பீக்கரும்

கடைக்கு வந்தவரைப் பொருள் வாங்க விடாமல் திருப்பி அனுப்புவதையே தொழிலாக வைத்துக்கொண்டு, அதிலும் கொடிகட்டிப் பறந்த ஒரே வியாபாரி இந்தச் சென்னைப் பட்டணத்தில் கைதட்டி பாய்தான். இதில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால், நீங்கள் அவரிடம் ஸ்பீக்கர் வாங்கப் போனதில்லை என்று அர்த்தம்.

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஜாக்கெட் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் அவர் கடை. வீட்டு ஹாலைத் தியேட்டராக்கிவிட வேண்டும், முன்னாலும் பின்னாலும் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அந்தக் குறுகலான படிகளில் ஏறுவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதன் முன்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்ததால் கடையின் பெயர் யாருக்கும் தெரியாது. அவருடைய பெயரும் அப்படித்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் நட்டநடுவில் நின்று பளீரென்று ஒருமுறை கை தட்டுவார். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். பிறகு நாலு மூலைக்கும் போய் மூலைக்கு ஒரு தட்டு. சுவர் என்ன பதில் சொல்கிறது என்று கேட்கிறாராம். அதனால் கைதட்டி பாய். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் வலது பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டுவார். ஆளுக்குக் கொஞ்சம் திமிர் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வேளச்சேரியிலிருந்து ஒரு ஐ.டி. தம்பதி வந்தார்கள். ஒன்பது ஸ்பீக்கர் வேண்டும், அதில் நாலு கூரையில் தொங்க வேண்டும் என்றார்கள். பாய் அவர்களுடைய செல்போனில் ஹாலின் படத்தைப் பார்த்தார்.

"தரை இன்னா, டைல்ஸா?"

"ஆமா பாய்."

"ஜன்னலுக்கு துணி ஸ்க்ரீன் கீதா?"

"இல்ல பாய், சும்மா கண்ணாடிதான்."

"சோபாவும் ரெக்சின். அப்போ இதுக்குள்ள நீ இன்னா ஸ்பீக்கர் வச்சாலும் பாத்ரூம்ல பாடறா மாதிரிதான் கேக்கும். போய் கனமா ஸ்க்ரீன் தைச்சி மாட்டு, ஒரு ஜமக்காளம் விரி, அப்பால வா."

அவர்கள் திரும்பி வரவே இல்லை. ஜமக்காளம் விரித்த பிறகு பழைய டி.வி.யே நன்றாகக் கேட்கிறதாம். "ஒரு பார்ட்டி குணமாயிட்ச்சி சார்" என்று பாய் எல்லாரிடமும் டாக்டர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

கொட்டிவாக்கத்தில் கடற்கரையோரம் வீடு கட்டி, கடலுக்கு முதுகு காட்டி சோபா போட்டிருந்தவருக்குப் பின்பக்க ஸ்பீக்கர் விற்க முடியாது என்று மறுத்துவிட்டார். "அல்லா பின்னாடி கடலயே உட்டு வச்சிக்கிறான், அதுக்கு மேல நான் இன்னா ஸ்பீக்கர் குடுக்கறது?" கோபாலபுரத்தில் பெரிய பங்களாக்காரர் ஒருவருக்கு, சுவர் எதிரொலிக்கிறது, புத்தக அலமாரி வைத்தால் அடங்கும் என்று யோசனை சொன்னார். அவர் கிலோக் கணக்கில் பழைய புத்தகம் வாங்கி அடுக்கினார். அடுக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஆறு மாதமாக அவர் டி.வி. பக்கமே போகவில்லை என்று கேள்வி.

பாயிடம் ஒரு சட்டம் உண்டு. டெமோ காட்டும்போது மின்விசிறி ஐந்தாம் நம்பரில் ஓட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கீழே நாலு தையல் மிஷின் கடகடக்க, சந்தில் ஆட்டோ ஹாரன் அலற, அதற்கு நடுவில்தான் அவர் ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டுவார்.

"ஏ.சி. ரூம்ல இருட்டா கதவ சாத்திக்கினு டெமோ காட்றவன நம்பாத சார். உன் வூட்ல ஃபேன் ஓடும், குக்கர் விசிலு வரும், வேலக்காரம்மா பாத்திரத்த போட்டு உருட்டும். அதுல கேக்குதா, அத்த சொல்லு!"

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் எதிர் ஃபிளாட் ராகவன். சாந்தோமில் எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வராந்தாதான். அவர் ஏழு ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்கி மாட்டினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு ஹெலிகாப்டர் எங்கள் வீட்டு ஹாலில் வந்து இறங்க ஆரம்பித்தது. எனக்கு வயிறு எரிந்தது. எங்களிடமும் ஒன்று இருந்தது, பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய பழைய ஐந்து ஸ்பீக்கர் செட். ராகவனுடையதற்கு முன்னால் அதன் பெயரைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

ஆகவே என் மனைவி ஸ்டெல்லாவை அழைத்துக்கொண்டு ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனேன். இருட்டு அறை, குளுகுளு ஏ.சி., சாய்ந்துகொள்ள மெத்தை நாற்காலி. ஒரு சண்டைக் காட்சி போட்டார்கள். என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. பல் கூசியது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"எப்படி?" என்றேன் வெளியே வந்ததும்.

"அந்த ரெண்டு பேரும் சண்டைக்கு முன்னாடி என்ன பேசிக்கிட்டாங்க?" என்றாள் ஸ்டெல்லா.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

"அதானே! அப்பாவுக்குப் பேச்சுதாங்க கேக்கணும். குண்டு வெடிக்கிறது அவருக்கு எதுக்கு?"

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். மாமியார் தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். சினிமா நகைச்சுவைக் காட்சி என்றால் அவருக்கு உயிர். ஒரு காலத்தில் தியேட்டரில் எல்லாருக்கும் முன்னால் சிரிப்பது அவர்தான். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். காது மந்தமான பிறகு எங்கள் வீட்டில் அவர் கடைசியாகச் சிரிக்க ஆரம்பித்தார். நாங்கள் சிரிப்போம். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு தானும் சிரிப்பார். இதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள் நான்சி. "தாத்தா டி.வி.ய பாக்கலம்மா, நம்மளப் பாக்கறாரு" என்றாள். அன்றைக்கு ஸ்டெல்லா சமையலறையில் போய் அழுதாள்.

கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்றது. "தலைய வலிக்குது, நீங்க பாருங்க" என்று சொல்லித் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டால் தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம்கூட இடி மாதிரி விழுகிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையிலேயே அது பத்திரமாக இருந்தது. எனக்கு ஹெலிகாப்டர் வேண்டும், ஸ்டெல்லாவுக்கு அப்பா ஹாலுக்குத் திரும்பி வர வேண்டும். யார் ஆசை பெரியது என்று எனக்கே தெரிந்திருந்ததால் பாய் கடைக்குப் போனோம்.

பாய் முழுக் கதையையும் வலது பக்கமாகக் கேட்டார். எந்த ஸ்பீக்கரையும் காட்டவில்லை.

"ஞாயித்துக்கெழம வரேன். கோயிலுக்குப் போய்ட்டு வந்து குக்கர்ல சோறு வைங்கோ. ஃபேனு அஞ்சுல ஓடட்டும். எதையும் எனக்காக மாத்தாதீங்க."

சொன்னபடி வந்தார். கையில் ஒரு மடக்கு நாற்காலி, தோளில் ஒரு பை. செருப்பை வெளியே விட்டு, ஹால் நடுவில் வந்து நின்று, பளீர்!

அந்தச் சத்தத்துக்கு அறைக்கதவு திறந்தது. மாமா எட்டிப் பார்த்தார். "யாரு ஸ்டெல்லா, ஜெபக் கூட்டத்துக்காரங்களா? இன்னிக்கு நம்ம வீட்லயா?" என்றார். பாய் அடுத்த மூலைக்குப் போய் இன்னொன்று தட்டினார். ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து மாமா மரியாதைக்காகக் கைகூப்பி நின்றுகொண்டார். விஷயத்தை அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிப்போனது.

பாய் டி.வி.யில் ஒரு படத்தை ஓடவிடச் சொல்லி, எங்கள் ஒவ்வொருவருடைய இடத்திலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார். கடைசியாக மாமாவின் நாற்காலிக்கு வந்தார்.

"இத்த யாரு இங்க போட்டது?"

"நான்தான்" என்றேன் பெருமையாக. "வீட்லயே நல்ல காத்து வர்ற இடம். ஃபேனுக்கு நேர் கீழ, ஜன்னல் பக்கம். பெரியவராச்சேன்னு..."

"மரியாத குடுத்தே மனுசன கெடுத்துக்கீறியே சார்! தல மேல ஃபேனு, காதாண்ட ரோடு, அந்தாண்ட மெட்ரோ தோண்டிக்கினு கீறான். இங்க குந்திக்கினா எனக்கே ஒண்ணும் கேக்கல."

மெட்ரோ என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. எங்கள் பழைய செட்டில் தும்தும்மென்று அதிர்கிற அடிச்சத்தப் பெட்டி சின்னது, பெரிதாக ஒன்று புதிதாக வேண்டுமே என்று இழுத்தேன். "தெருவுல அவ்ளோ பெர்ய மிஷின வச்சி ஃப்ரீயா அதிர்ந்துகினு கீதே, பத்தலயா உனுக்கு?" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பிறகு எங்கள் பழைய செட்டை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி எண்ணினார்.

"நடு ஸ்பீக்கர் எங்க சார்? படத்துல பேசறதெல்லாம் அதுலதான் வரும். மத்ததெல்லாம் பாட்டு, சண்டை, மழை."

எனக்கு நினைவில்லை. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா ஷோகேசைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கு சரியில்லை.

எங்கள் ஷோகேசில் மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது. செட் வாங்கி வந்த நாளில், டி.வி. மேஜையில் இடம் போதாததால் நீளமாக, கறுப்பாக, அழகாக இருந்த ஒரு பெட்டியை ஸ்டெல்லா எடுத்து மாதாவுக்குப் பீடமாக வைத்துவிட்டாள். அதன் மேல் நாலு பக்கமும் தொங்குகிற மாதிரி ஒரு லேஸ் துணி. துணிக்கு முன்னால் பிளாஸ்டிக் பூ. ஒயரைப் பின்னால் நான்தான் இழுத்துவிட்டேன். பீடத்தின் முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

பாய் அருகில் போய்க் குனிந்து கேட்டார். லேஸ் துணிக்குள்ளிருந்து யாரோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆறு மாசமாவா?"

"ரெண்டு வருஷமா" என்றாள் ஸ்டெல்லா சின்னக் குரலில்.

"ரெண்டு வருசமா படத்துல வர்ற பேச்சு பூரா மரியம்மாவுக்கு மட்டும்தான் கேட்டுக்கினு இருந்துக்கீது. பரவால்ல, அவங்க கேட்டா தப்பில்ல." சிரிக்கவே இல்லை அவர். சுரூபத்தைத் தொடவும் இல்லை. இரண்டு அடி பின்னால் நகர்ந்து, மாமாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "வாத்தியார் சார், நீங்களே உங்க கையால எடுத்து வேற எடத்துல வைங்கோ. அதுதான் மொற."

மாமா சிலுவை போட்டுக்கொண்டு மாதாவை இறக்கி மேல் தட்டில் வைத்தார். எங்கள் வீட்டில் அவரை யாரும் ஒரு வேலை செய்யச் சொல்லி வெகு நாளாகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அவரைக் காற்று வருகிற இடத்தில் உட்கார வைத்ததோடு சரி.

நடு ஸ்பீக்கர் டி.வி.க்குக் கீழே வந்தது. அது நேராகப் பார்த்தால் சத்தம் முழங்காலோடு போய்விடும், காதைப் பார்க்கும்படி கொஞ்சம் தூக்க வேண்டும் என்றார் பாய். "எவ்வளவு தூக்கணும்?" என்று கேட்டது மாமா. டேப் வந்தது. நாற்காலி எவ்வளவு தூரம், காது எவ்வளவு உயரம் என்று அளந்து, செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டு, இத்தனை டிகிரி என்று மாமா அறிவித்தார். பாய் அதை மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டு, நான்சியின் இரண்டு அழிரப்பரை அடியில் செருகினார். நாற்காலி ஃபேனுக்குக் கீழேயிருந்து டி.வி.க்கு நேர் எதிரே வந்தது. ஃபேன் ஐந்திலேயே ஓடியது. குக்கர் வேறு கிளம்பியிருந்தது.

ஒரு பழைய காமெடிப் படத்தைப் போட்டோம். முதல் ஜோக் வந்தது. நாங்கள் சிரித்தோம். மாமா ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு கூத்தும் வீண். ஸ்டெல்லா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் பாய் டி.வி.யைப் பார்த்திருக்கவே இல்லை. மடக்கு நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எழுந்திரிங்கோ. வாத்தியாருக்குப் பின்னால போய் குந்துங்க. உங்க மூஞ்சி அவருக்குத் தெரியக் கூடாது."

"எதுக்கு பாய்?"

"பக்கத்து பையன் பேப்பர பாத்து எழுதினா எப்டி சார் மார்க்கு போடறது? அவுரே எழுதட்டும்."

நாங்கள் மூன்று பேரும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தோம். பாய் எங்கள் பழைய அடிச்சத்தப் பெட்டியைச் சுத்தமாக அணைத்தார். எழுந்து போய் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் கொண்டுவந்தார். தன் சட்டத்தைத் தானே மீறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மாமா ஒருமுறை திரும்பிப் பார்க்கப் போனார். யாரும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் டி.வி.யைப் பார்த்தார்.

திரையில் இருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் படத்தைக் கவனிக்கவில்லை, மாமாவின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குக்கர் ஒரு விசில் கொடுத்தது. நான்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். திடீரென்று மாமாவின் தோள் குலுங்கியது. அந்தப் பழைய சிரிப்பு, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அதே சிரிப்பு, வீடு முழுக்கக் கேட்டது. என்ன ஜோக் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அவர் மட்டும்தான் கேட்டிருந்தார்.

"என்னப்பா சொன்னான்?" என்றாள் ஸ்டெல்லா.

அவர் சொன்னார். அந்த ஜோக்கை அவர் வாயால் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான், அதை மறைப்பானேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பாயை உட்கார வைத்தோம். மாமா அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டார். பாய் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். பாய் நாற்காலியையே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் வாங்கோ வாத்தியார் சார். லெஃப்ட்டு எனக்கு அவுட்டு. இருவது வருசம் கல்யாணத்துக்கு மைக் செட் போட்டவன் நானு. கொழா ஸ்பீக்கராண்டயே படுத்துக்கெடப்பேன். ஊருக்கெல்லாம் பாட்டு குடுத்தேன், ஒரு காது போய்ட்ச்சி."

"மிஷின் வாங்கலையா?"

பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு காது மிஷினை எடுத்துக் காட்டினார். மாமா தன் சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினார். இரண்டு பேரும் அடுத்தவர் மிஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ரெண்டு பேர் பாக்கெட்டுக்கும் நல்லா கேக்குது" என்றாள் நான்சி. "நீங்க போட்டா நான் போடறேன்" என்றார் மாமா. கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஸ்பூனை யாரும் தட்டில் வைக்காதீர்கள் என்று ஸ்டெல்லா எங்களுக்குக் கண்ஜாடை காட்டினாள்.

வழியனுப்பும்போது படியில் நின்று கேட்டேன். "பாய், எதாவது ஒண்ணு வித்துட்டுப் போங்க. பின்னாடி ரெண்டு நல்ல ஸ்பீக்கராவது போடலாமே? எதிர் வீட்ல பாருங்க, ஏழு!"

"பின்னாடி எதுக்கு சார் ஸ்பீக்கரு? அதான் நீங்க மூணு பேர் குந்திக்கினு சிரிக்கிறீங்களே" என்றார் பாய். மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், என்ன நினைத்தாரோ, அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காம்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தார். மாமாவின் இடது பக்கம் பாயின் மடக்கு நாற்காலி, பாயின் நல்ல காது மாமாவின் பக்கம். மிஷின் போட்டாயா என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொள்வார்கள். நாங்கள் பின்னால். ஜோக் வந்தால் முதலில் சிரிப்பது யார் என்பதில் அவர்களுக்குள் போட்டி. ராகவன்கூட ஹெலிகாப்டரை அணைத்துவிட்டு அவ்வப்போது வந்து எங்களோடு தரையில் உட்காருகிறார். எனக்கும் வயிறு எரிவது நின்றுவிட்டது.

இப்போது ஒரு மாதமாகப் பாய் ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பேத்தி பிறந்திருக்கிறாளாம். குழந்தை படுத்திருக்கும் அறையில் கை தட்டிப் பார்த்தீர்களா என்று போனில் மாமா கேட்க, "தட்டினேன், எல்லாருமா சேர்ந்து வெளிய தொரத்திட்டாங்கோ" என்று பதில் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு விருந்தாளி அந்த மடக்கு நாற்காலியில் உட்காரப் போனார். மாமா எழுந்து வந்து, "மன்னிக்கணும், அதுல ஆள் இருக்கு" என்று சொல்லி அவரை சோபாவில் உட்கார வைத்தார். சீக்கிரம் வாருங்கள் பாய், ஃபேனை மூன்றிலேயே வைத்திருக்கிறோம்.